தன்முனைப்பு உரையா, ஒரு மேசையா?

2024-ஆம் ஆண்டு. பல்கலைக்கழகத்தில் என் முதலாம் ஆண்டின் இரண்டாம் பருவம், எட்டாவது வாரம். படிப்பிலிருந்து விலகிக்கொள்வதற்கான பாரத்தை அகப்பக்கத்திலிருந்து பதிவிறக்கம் செய்து, விடுதிக்குக் கீழே உள்ள கடையில் அச்செடுத்தேன். பெயர், அடையாள அட்டை எண், பதிவு எண், துறை என எல்லாவற்றையும் நிரப்பிவிட்டேன். ‘விலகுவதற்கான காரணம்’ என்ற இடத்தில் மட்டும் பேனா நின்றுவிட்டது. மூன்று வரிகள் விட்டிருந்தார்கள். குடும்பப் பிரச்சினை என்று எழுதலாமா? உடல்நலம் என்று எழுதலாமா? உண்மையை எழுதுவதாக இருந்தால் ஒரு வரியே போதும்: ‘நான் இங்கே தவறுதலாக வந்துவிட்டேன்.’

அந்தப் பாரம் இன்னும் என் கோப்பில் இருக்கிறது. நான் இப்போது மூன்றாம் ஆண்டில் இருக்கிறேன். விலகவில்லை. ‘தன்னம்பிக்கையால் வென்றேன்’ என்று சொல்லிக்கொள்வதற்காக இதை எழுதவில்லை. அப்படிச் சொன்னால் அது பொய்யாகிவிடும். என்னைக் காப்பாற்றியது தன்னம்பிக்கை அன்று. தன்னம்பிக்கை பிறகுதான் வந்தது. முதலில் வந்தது ஒரு மேசை. அந்த மேசையைப் பற்றியும், அதை நம் பேரவை ஏன் தன் வேலையாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதைப் பற்றியும்தான் இக்கட்டுரை.

முதலில் என்னைப் பற்றிச் சில வரிகள். கீழ்ப்பேராக்கில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் வளர்ந்தவன் நான். பாட்டி பால்மரம் வெட்டியவர். அப்பா செம்பனைக் குலை வெட்டுகிறார். படித்தது தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில். எங்கள் வகுப்பில் பதினான்கு பேர். தெரியாததைக் கேட்க அங்கே யாரும் கூச்சப்பட்டதில்லை. ஆசிரியருக்கு எங்கள் எல்லாருடைய வீட்டுக் கதையும் தெரியும். ஒருவனுக்குக் கணக்கு வரவில்லை என்றால் பக்கத்தில் இருப்பவன் சொல்லிக் கொடுப்பான். அதை யாரும் ‘உதவி’ என்றுகூடச் சொல்லிக்கொண்டதில்லை.

2015-இல் யு.பி.எஸ்.ஆர். தேர்வு எழுதினேன். 2021-இல் அகற்றப்பட்டுவிட்ட அந்தத் தேர்வை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஏழு பாடங்களில் மலாய்மொழிக் கட்டுரை எனக்கு ‘டி’. தமிழ்ப்பள்ளி, சீனப்பள்ளி மாணவர்கள் மலாய்மொழியில் குறைந்தபட்சத் தேர்ச்சி பெறாவிட்டால் ஓராண்டு புகுமுக வகுப்பில் இருக்க வேண்டும். என்னோடு படித்தவர்கள் முதலாம் படிவத்துக்குப் போனார்கள். நான் அதே தேசிய இடைநிலைப்பள்ளியின் கடைசிக் கட்டடத்தில் புகுமுக வகுப்பில் உட்கார்ந்தேன். ஓய்வு நேரத்தில் சிற்றுண்டிச்சாலையில் என்னைப் பார்த்து “ரிமூவ்” என்று கூப்பிட்டார்கள். அந்தச் சொல்லுக்கு ‘அகற்று’ என்றும் பொருள் உண்டு என்று அகராதி பார்த்து நான் தெரிந்துகொண்டது அந்த ஆண்டில்தான்.

தமிழ்ப்பள்ளியைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அதே வகுப்பிலிருந்து ஏழு ‘ஏ’ எடுத்தவளும் உண்டு. புகுமுக வகுப்பும் எனக்குக் கெடுதல் செய்யவில்லை. என் மலாய்மொழி அங்கேதான் தேறியது. கெடுதல் வேறு இடத்தில் நடந்தது. ஒரு நாள் முதலாம் படிவ வகுப்பில் எழுந்து கேள்வி கேட்டேன். என் உச்சரிப்பைக் கேட்டுச் சிலர் சிரித்தார்கள். ஆசிரியரும் புன்னகைத்தார். அவ்வளவுதான் நடந்தது. அதன் பிறகு ஐந்தாம் படிவம் முடியும்வரை நான் வகுப்பில் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ‘தெரியாததைக் காட்டிக்கொள்ளாதே’ என்பதுதான் இடைநிலைப்பள்ளியில் நான் மிக நன்றாகக் கற்ற பாடம்.

நான்காம் படிவத்தில் இருந்தபோது, 2020 மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியது. வீட்டில் ஒரு கைப்பேசி, மூன்று பிள்ளைகள். இயங்கலை வகுப்பில் தங்கைக்கு முன்னுரிமை கொடுத்தோம். கூடுதல் கணிதத்தில் பாதிப் பாடங்கள் எனக்கு வெறும் தலைப்புகளாகவே நின்றுவிட்டன. ஆனாலும் 2022 மார்ச்சில் எஸ்.பி.எம். எழுதித் தேறினேன். மெட்ரிகுலேஷனில் இடம் கிடைத்தது. 2023-இல் பல்கலைக்கழகத்துக்கு, கட்டுமானப் பொறியியல் படிக்க வந்தேன். தோட்டத்தில் மாலை போட்டு அனுப்பினார்கள்.

வாய்பாட்டைத் தமிழில் மனனம் செய்தேன், இயற்கணிதத்தை மலாயில் படித்தேன், இங்கே நிலையியலை ஆங்கிலத்தில் கற்கிறேன். நம்மில் பலருடைய பாதை இதுதான். மூன்று மொழியில் கணக்குப் போட்டவன் மூளை கெட்டிக்கார மூளைதான். ஆனால் விரிவுரை மண்டபத்தின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவனுக்கு அப்படித் தோன்றுவதில்லை. முன்வரிசையில் எல்லாரும் சரளமாகப் பேசுகிறார்கள், எல்லாருக்கும் எல்லாம் புரிகிறது, எனக்கு மட்டும்தான் புரியவில்லை என்றுதான் தோன்றும்.

நிலையியல் இடைத்தேர்வில் நாற்பதுக்குப் பதினொன்று வாங்கினேன். தாளை மடித்துப் பைக்குள் வைத்தேன். அன்றிரவு அம்மா கூப்பிட்டார். “சாப்டியாய்யா? படிப்பெல்லாம் எப்படி?” என்றார். “நல்லா போகுதும்மா” என்றேன். அந்தப் பொய்யைச் சொல்லிவிட்டு, விடியற்காலை இரண்டு மணிவரை தனியாக உட்கார்ந்து அதே பக்கத்தை ஐந்து முறை படித்தேன். ஐந்து முறையும் புரியவில்லை. தெரியாத ஒன்றைத் தெரியாத ஒருவன் தனியாக எத்தனை முறை படித்தால் என்ன?

இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்த விரும்புகிறேன். அப்போது எனக்குள் இரண்டு ஐயங்கள் இருந்தன. ஒன்று, ‘எனக்கு இந்தப் பாடம் தெரியவில்லை’ என்பது. மற்றது, ‘நான் இந்த இடத்துக்கு உரியவன் அல்லன்’ என்பது. முதலாவது முழு உண்மை. இரண்டாவது பொய். ஆனால் இரண்டும் ஒரே குரலில் பேசியதால் எது எது என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

இரண்டாவது ஐயத்துக்கு உளவியலில் ஒரு பெயர் உண்டு. 1978-இல் அமெரிக்க உளவியலாளர்கள் பாலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் ஆகிய இருவரும் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினர். படிப்பிலும் பணியிலும் சாதித்த பெண்கள் பலர், ‘நான் உண்மையில் திறமைசாலி அல்லள், மற்றவர்களை ஏமாற்றிக்கொண்டிருக்கிறேன், ஒரு நாள் பிடிபட்டுவிடுவேன்’ என்று உள்ளூர நம்பிக்கொண்டிருந்ததை அவர்கள் கண்டார்கள். அதற்கு ‘போலி உணர்வு’ என்று பொருள்படும் பெயரும் வைத்தார்கள். இதை வாசித்தபோது எனக்கு ஆறுதலாகவும் இருந்தது, ஒரு நெருடலும் இருந்தது. ஆறுதல், இந்த எண்ணம் எனக்கு மட்டும் வந்ததன்று என்பது. நெருடல், அவர்கள் எல்லாரும் சாதித்தவர்கள், நானோ நாற்பதுக்குப் பதினொன்று வாங்கியவன் என்பது. ‘உன் ஐயம் வெறும் மனப்பிரமை’ என்று ஒருவர் என்னிடம் சொல்லியிருந்தால் அவர் பாதிதான் சரி. எனக்கு உண்மையிலேயே பாடம் தெரியவில்லை.

நம் தன்முனைப்பு உரைகளோடு எனக்குள்ள வேறுபாடு இங்கேதான் தொடங்குகிறது. அதே பருவத்தின் தொடக்கத்தில் நாம் ஒரு தன்முனைப்பு முகாம் நடத்தினோம். வந்த பேச்சாளர் நல்லவர், அருமையாகப் பேசினார். கண்களை மூடச் சொன்னார். பெற்றோரின் வியர்வையை நினைக்கச் சொன்னார். பலர் அழுதோம். இறுதியில் எல்லாரும் எழுந்து நின்று, ‘என்னால் முடியும்’ என்று மூன்று முறை உரக்கச் சொன்னோம். அதை ஓர் அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டியும் வைத்தேன். மறுநாள் காலை பயிற்சி வகுப்பு. வெண்பலகையில் ஓர் உத்தரம், அதன் இரு முனைகளிலும் இரண்டு தாங்கிகள், நடுவே ஒரு சுமை. தாங்கிகளில் எழும் விசைகளைக் கண்டுபிடிக்க வேண்டும். என்னால் முடியும் என்று எனக்குத் தெரியும். எப்படி என்றுதான் தெரியவில்லை.

அதைவிட மோசமாக வேறொன்றும் நடந்தது. முன்பு, ‘பாடம் கடினம்’ என்று நினைத்துக்கொண்டிருந்தேன். முகாமுக்குப் பிறகு, ‘இவ்வளவு ஊக்கம் கொடுத்தும் முடியவில்லையே, அப்படியானால் குறை என்னிடம்தான்’ என்று நினைக்கத் தொடங்கினேன். பெற்றோரின் வியர்வையை நினைவூட்டியதால் என் வெட்கம் இன்னும் கூடியது. வெட்கம் கூடியவன் கேள்வி கேட்க மாட்டான், ஒளிந்துகொள்வான். நானும் ஒளிந்துகொண்டேன். பயிற்சி வகுப்புகளுக்குப் போவதை நிறுத்தினேன். பேரவைக் கூட்டங்களுக்கும் வருவதில்லை. பிறகுதான் அந்தப் பாரம்.

பாரத்தில் கல்வி ஆலோசகரின் கையொப்பம் வேண்டியிருந்தது. என் ஆலோசகர் ஒரு மலாய்க்கார விரிவுரையாளர். அதற்குமுன் அவரிடம் நான் ஒரே ஒருமுறைதான் பேசியிருந்தேன். அவர் பாரத்தை வாங்கிப் பார்த்தார். காரணம் எழுதப்படாத மூன்று வரிகளைப் பார்த்தார். ஏன் விலகுகிறாய் என்று கேட்கவில்லை. “அவாக் பெலாஜார் டெங்ஙான் சியாப்பா?” என்றுதான் கேட்டார். ‘நீ யாரோடு படிக்கிறாய்?’ அந்தக் கேள்வியின் பொருளே எனக்குச் சற்று நேரம் விளங்கவில்லை. படிப்பது என்றால் தனியாக உட்கார்ந்து படிப்பதுதானே? யாரோடும் இல்லை என்றேன். “அடுத்த வாரம் வா. அதற்குள் இரண்டு பேரோடு உட்கார்ந்து ஒரு கணக்காவது போட்டுப் பார். அப்போதும் விலக வேண்டும் என்றால் கையொப்பம் போட்டுத் தருகிறேன்” என்று பாரத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

அன்றிரவு பேரவையின் புலனக் குழுவில், ‘நிலையியல் யாருக்காவது தெரியுமா?’ என்று எழுதினேன். அழித்தேன். மீண்டும் எழுதினேன், மீண்டும் அழித்தேன். மூன்று சொற்களை அனுப்ப ஒரு மணி நேரம் ஆனது. தீபாவளி இரவுக்கு நாடக வசனம் மனனம் செய்தபோதுகூட இவ்வளவு பயப்படவில்லை. அனுப்பியதும் கைப்பேசியைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டேன். பத்து நிமிடத்தில் மூன்றாம் ஆண்டு அண்ணன் ஒருவரிடமிருந்து பதில் வந்தது: “தம்பி, வியாழக்கெழம ஒம்பது மணி, மாமாக் கடைக்கு வா. இன்னும் ரெண்டு பேரு இருக்காங்க.”

அந்த ‘இன்னும் ரெண்டு பேரு’ யார் தெரியுமா? ஒருத்தி கிளந்தானிலிருந்து வந்த மலாய்த் தோழி. இன்னொருவன் சீனப்பள்ளியில் படித்தவன், விரிவுரையில் எப்போதும் என் முன்வரிசையில் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டே இருப்பவன். அவனுக்கு எல்லாம் புரிகிறது என்றல்லவா நான் நினைத்துக்கொண்டிருந்தேன்! இடைத்தேர்வில் அவன் எடுத்தது ஒன்பது. என்னைவிட இரண்டு குறைவு. அன்று நாங்கள் இருவரும் சிரித்த சிரிப்பை மறக்க முடியாது. ஏழு வாரங்களாக ஒருவருக்குப் பின்னால் ஒருவர் உட்கார்ந்து, ஒருவரைப் பார்த்து ஒருவர் பயந்திருக்கிறோம்.

அண்ணன் பாடப்புத்தகத்தைத் திறக்கவில்லை. “ஒங்கப்பா என்ன வேல செய்றாரு?” என்று என்னைக் கேட்டார். சொன்னேன். “அப்ப கொலய ஒத்தச் சக்கர வண்டியில வச்சித் தள்றதப் பாத்திருப்பியே. கைப்பிடி ஏன் அவ்ளோ நீளமா இருக்கு? குட்டையா இருந்தா என்ன?” குட்டையாக இருந்தால் தூக்க முடியாது. பள்ளி விடுமுறையில் நானே தள்ளியிருக்கிறேன். சக்கரத்துக்குப் பக்கத்தில் பிடித்தால் வண்டி அசையாது. கைப்பிடியின் நுனியைப் பிடித்தால் சிறுவனால்கூடத் தூக்க முடியும். “அதான் மொமென்ட். வெசயையும் தூரத்தையும் பெருக்கு. சக்கரம் ஒரு தாங்கி, ஒன் கை இன்னொரு தாங்கி. இப்ப அந்த உத்தரத்தைப் போடு” என்றார்.

போட்டேன். விடை சரியாக வந்தது. புத்தகத்தில் இருந்தது எனக்கு ஏற்கெனவே தெரிந்த ஒன்று என்பதும், அதன் பெயர் மட்டுமே தெரியாமல் இருந்தது என்பதும் அப்போது புரிந்தது. பிறகு கிளந்தான் தோழிக்கு அதே கணக்கை நான் மலாயில் விளக்கினேன். நான் ஒருவருக்குச் சொல்லிக் கொடுத்தேன்! முதலாம் படிவத்தில் என் மலாயைக் கேட்டுச் சிரித்தவர்கள் அன்று அங்கே இருந்திருக்க வேண்டும்.

அற்புதம் எதுவும் நிகழ்ந்துவிடவில்லை. நிலையியலில் இறுதியில் எனக்குக் கிடைத்தது ‘சி பிளஸ்’. ஆனால் தேறினேன். அடுத்த பருவத்தில் ‘பி’. பாரத்தில் கையொப்பம் வாங்கப் போகவில்லை.

இது ஒருவனுடைய அதிர்ஷ்டக் கதை என்று நீங்கள் ஒதுக்கிவிடக்கூடாது என்பதற்காக இன்னொன்றைச் சொல்கிறேன். 1970-களின் பிற்பகுதியில், கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் யூரி டிரைஸ்மன் என்ற கணித ஆய்வாளர் ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டார். அங்கே படித்த கறுப்பின மாணவர்கள் பலர் நுண்கணிதத்தில் தோற்றார்கள். சீன வம்சாவளி மாணவர்கள் நன்றாகச் செய்தார்கள். ஏன்? ஊக்கமின்மை, குடும்ப ஆதரவு இல்லை, வறுமை, அடிப்படை போதாது என்றெல்லாம் விரிவுரையாளர்கள் ஊகித்தார்கள். டிரைஸ்மன் மாணவர்களோடு கூடவே இருந்து, அவர்கள் எப்படிப் படிக்கிறார்கள் என்று பார்த்தார். தோற்றவர்கள் கடுமையாக உழைத்தார்கள், ஆனால் தனித்தனியாகப் படித்தார்கள். சீன மாணவர்கள் வீட்டுப்பாடத்தைத் தனியாகச் செய்துவிட்டு, பிறகு கூடி உட்கார்ந்து விடைகளை ஒப்பிட்டார்கள். தவறு எங்கே என்று ஒருவருக்கொருவர் காட்டினார்கள். எனவே டிரைஸ்மன் கூடிப் படிக்கும் பட்டறைகளை ஏற்படுத்தினார். அவை பின்தங்கியவர்களுக்கான வகுப்புகளாக நடத்தப்படவில்லை. அங்கே கொடுத்தவை வகுப்பில் கொடுப்பதைவிடக் கடினமான கணக்குகள். அந்த மாணவர்களின் தேர்ச்சி வெகுவாக உயர்ந்தது.

விரிவுரையாளர்களின் ஊகங்களை மீண்டும் ஒருமுறை பாருங்கள். ஊக்கமில்லை, குடும்பம் சரியில்லை, வறுமை, அடிப்படை போதாது. நம் சமூகக் கூட்டங்களில் நம் மாணவர்களைப் பற்றி நாமே சொல்லிக்கொள்வதும் இதையேதானே?

இதைப் பேரவையில் இந்திய ஆய்வியல் படிக்கும் அக்கா ஒருவரிடம் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, “இதுக்கு ஏன் பெர்க்லி வரைக்கும் போற? நன்னூல்லயே இருக்கே” என்றார். பவணந்தி முனிவர் பதின்மூன்றாம் நூற்றாண்டில் எழுதிய இலக்கண நூல் நன்னூல். அதன் பாயிரத்தில் மாணவன் கற்கும் முறையைப் பற்றிச் சில நூற்பாக்கள் வருகின்றன. ஆசிரியர் சொல்வதை எவ்வளவு நன்றாக வாங்கிக்கொண்டாலும் புலமையில் கால் பங்குதான் சேரும். உடன் பயில்பவர்களோடு பழகும்போது இன்னொரு கால் பங்கு. மீதி அரைப் பங்கு, பிறருக்கு எடுத்துரைக்கும்போதுதான் நிறையும் என்பது அவற்றின் கருத்து. கடைசி வரிசையில் உட்கார்ந்து விரிவுரை கேட்டுவிட்டு அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்ட எனக்கு, நன்னூல் கணக்குப்படி கிடைக்கக்கூடியது கால் பங்குதான். அதிலும் பாதி புரியவில்லை.

தமிழில் ‘ஐயம்’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று சந்தேகம். மற்றது, இல்லாதவருக்கு இடும் ஈகை. தமிழ்ப்பள்ளியில் ஆத்திசூடியை ஒப்புவித்த எல்லாருக்கும் இரண்டாவது பொருள் தெரிந்திருக்கும். ஐயம் உள்ளவன் கேட்க வேண்டும், அறிந்தவன் இட வேண்டும். இரண்டில் ஒன்று நின்றாலும் மற்றது நடக்காது. நம்மிடையே இடுபவர்களுக்குக் குறைவில்லை. அந்த அண்ணன் பத்து நிமிடத்தில் பதில் அனுப்பினார். கேட்பதைத்தான் நாம் மறந்துவிட்டோம், அல்லது கேட்பவனைச் சிரித்து அடக்கிவிட்டோம்.

மேசை எல்லாவற்றுக்கும் மருந்தாகாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். எங்களோடு உட்கார்ந்த நண்பன் ஒருவன் சென்ற ஆண்டு திடீரென்று வருவதை நிறுத்திவிட்டான். பல வாரங்களாகத் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை. கணக்குச் சொல்லிக் கொடுத்துத் தீர்க்கக்கூடிய சிக்கல் அன்று அது. நாங்கள் இருவர் அவனைப் பல்கலைக்கழக ஆலோசனைப் பிரிவுக்கு அழைத்துப் போய், வெளியே நாற்காலியில் காத்திருந்தோம். வீட்டுக்குத் தெரிந்தால் “பைத்தியமா?” என்று கேட்பார்களோ என்பதுதான் அவனுடைய பெரிய பயம். ஆலோசகரிடம் போவது காய்ச்சலுக்கு மருத்துவரிடம் போவதைப் போன்றது என்பதை நாம்தான் நம் வீடுகளுக்குச் சொல்ல வேண்டும். சுகாதார அமைச்சின் ‘ஹீல்’ தொலைபேசிச் சேவை 15555 என்ற எண்ணில் 2022 முதல் இயங்குகிறது. தற்கொலை முயற்சியைக் குற்றமாகக் கருதிய சட்டப் பிரிவும் 2023-இல் நீக்கப்பட்டது. சட்டமே மாறிவிட்டது. நம் பேச்சும் மாறட்டும்.

சரி, பேரவை என்ன செய்யலாம்? மூன்று யோசனைகளை முன்வைக்கிறேன்.

முதலாவது, வாரத்தில் ஓர் இரவு, ஒரே இடம், ஒரே நேரம், ஒரு மேசை. அது மாமாக் கடையாகவும் இருக்கலாம், நூலகமாகவும் இருக்கலாம். பதிவு வேண்டா, வரவேற்புரை வேண்டா, நன்றியுரையும் வேண்டா. இப்போது வியாழக்கிழமைகளில் நாங்கள் ஆறேழு பேர் உட்காருகிறோம். சில வாரங்களில் இரண்டு பேர்தான் வருவோம். இது எங்கள் சொந்த ஏற்பாடு. அண்ணன் பட்டம் பெற்றுப் போய்விட்டார். அடுத்த ஆண்டு நாங்களும் போய்விடுவோம். அதன் பிறகு மேசை காலியாகிவிடும். பேரவையின் ஆண்டுத் திட்டத்தில் அது ஒரு வரியாக இடம்பெற்றால் நிலைத்திருக்கும்.

இரண்டாவது, புதிய மாணவர்களை வரவேற்கும் நாளில் மூத்த மாணவர்கள் தாங்கள் வாங்கிய மிகக் குறைந்த மதிப்பெண்ணைச் சொல்ல வேண்டும். சிறந்த மதிப்பெண்ணை யாரும் கேட்காமலே சொல்லிவிடுகிறோம். ‘நான் பதினொன்று வாங்கினேன், இன்னும் இங்கேதான் இருக்கிறேன்’ என்று முதல் வாரத்திலேயே யாராவது என்னிடம் சொல்லியிருந்தால் அந்தப் பாரத்தை நான் அச்செடுத்திருக்க மாட்டேன்.

மூன்றாவது, இந்த மலரை வாசிக்கும் முன்னாள் மாணவர்களுக்கு. நீங்கள் பரிசுக் கிண்ணங்களுக்கும் விருந்துக்கும் நன்கொடை தருகிறீர்கள். அதற்கு நன்றி. கூடவே மாதம் ஒரு மணி நேரமும் தாருங்கள். உங்கள் துறையில் படிக்கும் ஒருவரோடு இயங்கலையில் பேசுங்கள். உரை வேண்டா. அவர் கேட்பதற்கு மட்டும் பதில் சொன்னால் போதும்.

‘பேரவையின் வேலை மொழியும் பண்பாடும்தானே, டியூஷன் எடுப்பதா?’ என்று பொதுக்கூட்டத்தில் ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்விதான். தமிழ் மாணவன் ஒருவன் இரண்டாம் பருவத்தில் வீட்டுக்குப் போய்விட்டால், நாம் நடத்தும் பட்டிமன்றத்துக்கு வந்து உட்கார ஆள் ஏது என்பதுதான் என் பதில். அதோடு, நிலையியலைத் தமிழில் ஒருவர் விளக்கி இன்னொருவர் புரிந்துகொள்வதும் தமிழ்ப்பணிதானே? ‘நாமே நமக்குள் ஒதுங்கிவிடமாட்டோமா?’ என்று இன்னொருவர் கேட்டார். எங்கள் மேசையில் முதல் நாளிலிருந்தே மூன்று இனமும் இருந்தது. தமிழ் தெரிந்தவன் அழைத்தான், தேவைப்பட்டவர்கள் எல்லாரும் வந்தார்கள்.

தன்முனைப்பு உரைகளே வேண்டா என்று நான் சொல்லவில்லை. முகாம் நடக்கட்டும். ஆனால் ‘உன்னால் முடியும்’ என்று சொல்பவர் அன்று மாலையே காரேறிப் போய்விடுகிறார். ‘வா, போட்டுப் பார்ப்போம்’ என்று சொல்ல மறுநாள் யாராவது இருக்க வேண்டும். அது நாமாக இருக்கட்டும்.

கடைசியாக, இந்த மலரை வாசித்துக்கொண்டிருக்கும் முதலாம் ஆண்டுத் தம்பி, தங்கைக்கு. விரிவுரை மண்டபத்தின் கடைசி வரிசையில் உட்கார்ந்துகொண்டு, உனக்கு மட்டும்தான் புரியவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். முன்வரிசையில் தலையாட்டுகிறவனுக்கும் புரியவில்லை, நான் விசாரித்துவிட்டேன். வியாழக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு, பின்வாசலுக்கு எதிரே உள்ள மாமாக் கடையில், மின்விசிறிக்குக் கீழே உள்ள மேசையில் இருப்போம். உன் இடைத்தேர்வுத் தாளை எடுத்துக்கொண்டு வா. முதல் தே தாரிக் என் செலவு.